யூதர் குடியேற்றம்: போர்டில் முதலில் எந்த ஆண்டை எழுதுவது?

கேள்வி: மேல்நிலை வகுப்புக்கு வரலாறு நடத்துகிறேன். இஸ்ரேல் உருவான கதையை இரண்டு பீரியடுக்குள் முடிக்க வேண்டும். '1917 பால்ஃபர் அறிவிப்பு, 1948 இஸ்ரேல்' என்று போர்டில் எழுதித் தொடங்கினேன். ஒரு மாணவி எழுந்து, "தாயகம் தருகிறோம் என்று சொன்ன பிரிட்டன், 1947-இல் யூதர்கள் வந்த கப்பலை ஏன் சார் திருப்பி அனுப்பியது?" என்று கேட்டாள். இன்னொருவன், "அங்கே ஏற்கெனவே இருந்தவர்கள் என்ன ஆனார்கள்?" என்றான். இரண்டுக்கும் மழுப்பிவிட்டு வந்தேன். பாடத்தை எங்கிருந்து தொடங்கினால் சரியாக இருக்கும்?

பதில்: அந்த இரண்டு பிள்ளைகளும் பாடத்தை உங்களைவிடச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் பல வருஷம் 1917-இல்தான் தொடங்கிக்கொண்டிருந்தேன். இரண்டு ஆண்டுகளை எழுதி நடுவில் அம்புக்குறி போட்டால், லண்டனில் பால்ஃபர் என்ற வெளியுறவு அமைச்சர் கடிதம் எழுதினார், முப்பது வருஷம் கழித்து நாடு முளைத்தது என்றுதான் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். கப்பல் ஏறியவர்கள் கதையில் வரவே மாட்டார்கள்.

பாலஸ்தீனத்தின் யாஃபா துறைமுகத்தில் தொடங்குங்கள். சர்ச்சுக்குப் போகும் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் அவர்களுக்கு இந்த ஊர் தெரியும். யோனா கப்பல் பிடித்த யோப்பாதான் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே பெரிய கப்பல் கரைக்கு வர முடியாது, பாறைகள். கப்பல் தள்ளி நிற்கும். அரபுப் படகோட்டிகள் துடுப்புப் படகில் போய் ஆட்களையும் மூட்டைகளையும் இறக்கிக்கொண்டு பாறை இடுக்கு வழியாகக் கரை சேர்ப்பார்கள். கரையில், அப்போது பாலஸ்தீனத்தை ஆண்ட உஸ்மானியத் துருக்கியின் அதிகாரி நிற்பார். யூதர்கள் எங்கள் பேரரசில் வேறு எங்கும் குடியேறலாம், பாலஸ்தீனத்தில் மட்டும் கூடாது என்பது 1882-லேயே வந்துவிட்ட விதி. நூற்றாண்டு திரும்பும் சமயத்தில், வந்தவரின் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு சிவப்புச் சீட்டைக் கொடுத்தார்கள். யாத்திரைக்கு வந்தவர் என்று பொருள். மூன்று மாதத்தில் கிளம்பிவிட வேண்டும். பலர் கிளம்பவில்லை. லஞ்சமும் ஐரோப்பியத் தூதரகங்களின் தயவும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன.

ஏன் வந்தார்கள்? 1881-இல் ரஷ்யாவின் ஜார் இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்டார். பழி யூதர்கள்மேல் விழுந்தது. கலவரங்கள், அடுத்த ஆண்டே அவர்களை ஒடுக்கும் மே சட்டங்கள். 1914 வரை கிழக்கு ஐரோப்பாவை விட்டுப் புறப்பட்ட யூதர்கள் இருபது லட்சத்துக்கும் மேல். இங்கேதான் நீங்கள் சற்று நிறுத்த வேண்டும். அவர்களில் பாலஸ்தீனத்துக்கு வந்தவர்கள் நூற்றுக்கு மூன்று நான்கு பேர். பெரும்பாலானோர் போனது அமெரிக்காவுக்கு. பாலஸ்தீனம் வந்தவர்களிலும் மலேரியாவும் வறுமையும் தாங்காமல் திரும்பியவர்கள் ஏராளம். எபிரேயத்தில் வருவதற்கு 'அலியா' என்று பேர், ஏறிப்போதல். விட்டுப் போனவர்களை 'இறங்கியவர்கள்' என்பார்கள். ஒரு சொல்லிலேயே புகழும் வசவும் இருக்கின்றன.

அப்படியென்றால் பின்னால் எப்படி லட்சக்கணக்கில் வந்தார்கள்? என் கருத்தில் இந்தப் பாடத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. 1924-இல் அமெரிக்கா புதிய குடியேற்றச் சட்டம் கொண்டுவந்து, கிழக்கு ஐரோப்பியர்களுக்கு ஒதுக்கும் இடங்களை அடியோடு வெட்டியது. அதே சமயம் போலந்தில் யூத வியாபாரிகளின் கழுத்தை நெரிக்கும் வரிகள். நியூயார்க் போக வேண்டியவர்கள் டெல் அவிவில் இறங்கிக் கடை போட்டார்கள். 1933-இல் ஹிட்லர் வந்ததும் ஜெர்மனியிலிருந்து கிளம்பினார்கள். 1935 என்ற ஒரே ஆண்டில் பாலஸ்தீனம் வந்தவர்கள் அறுபதாயிரத்துக்கும் மேல். போர்டில் ஆண்டுகளை எழுதுவதென்றால், எந்த ஆண்டில் எந்த நாட்டின் கதவு சாத்தப்பட்டது என்று எழுதுங்கள். பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் வேண்டும் என்ற சியோனிசக் கொள்கையை இதற்காகக் குறைத்துச் சொல்ல வேண்டாம். 1897-இல் சியோனிசத் தலைவர் ஹெர்சல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் கூட்டிய மாநாடு இல்லாவிட்டால், அப்படிக் கிளம்பியவர்களுக்குப் போய்ச் சேர ஓர் அமைப்பு இருந்திருக்காது. ஆனால் கொள்கையை மட்டும் நம்பிக் கப்பல் ஏறியவர்கள் எப்போதுமே சிறுபான்மைதான்.

இப்போது பால்ஃபருக்கு வரலாம். 1917 நவம்பர் 2-ஆம் தேதிக் கடிதம்; அதிலுள்ள அறிவிப்பு ஆங்கிலத்தில் அறுபத்தேழு சொற்கள். அதில் 'தனிநாடு' (state) என்ற சொல்லே கிடையாது. 'பாலஸ்தீனத்தில் யூத மக்களுக்கு ஒரு தேசிய இல்லம்' என்றுதான் இருக்கிறது. தேர்வுத்தாளில் 'தனிநாடு தர பிரிட்டன் வாக்களித்தது' என்று எழுதும் பிள்ளைக்கு மதிப்பெண்ணைக் குறையுங்கள், பாவம் பார்க்க வேண்டாம். அதே கடிதத்தில், அங்கு வாழும் யூதரல்லாதோரின் குடி உரிமைக்கும் சமய உரிமைக்கும் பங்கம் வரக்கூடாது என்றும் இருக்கிறது. நாட்டின் பெரும்பான்மையினரை 'யூதரல்லாதோர்' என்று சொல்லிவிட்டு, அவர்களுடைய அரசியல் உரிமையைப் பற்றி மூச்சு விடவில்லை. உங்கள் மாணவனின் கேள்வி அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

இதில் உங்களுக்கு உதவும் ஒரு ஆள் உண்டு. அந்த அரசில் அறிவிப்பைக் கடுமையாக எதிர்த்த அமைச்சர் ஒரு யூதர்: எட்வின் மாண்டேகு. ஆமாம், இந்தியாவுக்கான மாண்டேகு செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தத்தின் அதே மாண்டேகுதான். எங்களுக்கென்று ஒரு தேசிய இல்லம் அங்கே என்று அறிவித்துவிட்டால், பிறந்து வளர்ந்த நாட்டிலேயே எங்களை அந்நியராகப் பார்ப்பார்கள் என்பது அவர் வாதம். கடைசி முடிவு எடுக்கப்பட்டபோது அவர் லண்டனில் இல்லை. இந்தியாவுக்குக் கப்பலில் வந்துகொண்டிருந்தார். இதைச் சொன்னால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். எனக்கு ஒருமுறைகூடத் தவறியதில்லை.

மாணவியின் கேள்விக்குப் பதில் 'சர்ட்டிபிகேட்'. பிரிட்டன் 1920 முதல் பாலஸ்தீனத்தை ஆண்டது. உள்ளே வர அனுமதிச் சான்று வேண்டும். அதைத்தான் போலந்திலும் எல்லோரும் சர்ட்டிபிகேட் என்றார்கள். நாட்டின் பொருளாதாரம் எத்தனை பேரைத் தாங்குமோ அத்தனை பேர் என்று 1922-இல் பிரிட்டன் ஓர் அளவுகோல் வைத்தது. ஆயிரம் பவுன் கையில் இருந்தால் தனவான் பிரிவில் வரிசையே இல்லை. இல்லாதவர்கள் தொழிலாளர் பிரிவில் காத்திருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, எத்தனை சான்று வேண்டும் என்று யூத அமைப்பு கேட்கும். பிரிட்டிஷ் ஹைகமிஷனர் குறைத்துக் கொடுப்பார். போலந்தின் பயிற்சிப் பண்ணைகளில் மண்வெட்டி பிடிக்கக் கற்றுக்கொண்டு, வருஷக்கணக்கில் அந்தக் காகிதத்துக்காகக் காத்திருந்த இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

ஒரு சான்றில் கணவனும் மனைவியும் போகலாம். ஆகவே சான்று கிடைத்த பையனுக்கும், அதற்கு முன் பார்த்தே இராத ஒரு பெண்ணுக்கும் கல்யாணம் நடக்கும். சேர்ந்து கப்பல் ஏறுவார்கள், இறங்கியபின் விவாகரத்து செய்துகொள்வார்கள். ஒரு காகிதத்தில் இரண்டு உயிர். சில ஜோடிகள் விவாகரத்து செய்யாமலேயே இருந்துவிட்டதும் உண்டு. இதையும் சொல்லுங்கள், பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் 1939-ஐச் சொல்லுங்கள்.

1936 முதல் மூன்று ஆண்டு அரபுகள் பெரும் கிளர்ச்சி செய்தார்கள். உலகப்போர் வாசலில் நின்றது. சூயஸ் கால்வாய், எண்ணெய், அரபு அரசுகள், இந்திய முஸ்லிம்களின் மனநிலை எல்லாவற்றையும் பிரிட்டன் கூட்டிக் கழித்துப் பார்த்து, 1939 மே மாதம் 'வெள்ளை அறிக்கை' என்ற கொள்கை அறிக்கையை வெளியிட்டது. அடுத்த ஐந்து ஆண்டில் மொத்தம் 75,000 யூதர்கள் வரலாம். அதன்பின் அரபுகள் சம்மதித்தால்தான். உலகின் மற்றக் கதவுகளும் திறக்கவில்லை. 1938-இல் பிரான்சின் எவியான் நகரில் 32 நாடுகள் யூத அகதிகளைப் பற்றிக் கூடிப் பேசிப் பரிதாபப்பட்டன. கணிசமான இடம் தர முன்வந்தது டொமினிக்கன் குடியரசு ஒன்றுதான். 1939-இல் பெரும்பாலும் யூத அகதிகளான 937 பேருடன் கியூபாவுக்குப் போன செயின்ட் லூயிஸ் கப்பல் திரும்பி ஐரோப்பாவுக்கே வந்தது.

போர் முடிந்தபின், நாஜிப் படுகொலையில் பிழைத்துக் கிடந்த யூதர்கள் அகதி முகாம்களிலிருந்து பழைய கப்பல்களில் ஏறினார்கள். 1947 ஜூலையில் எக்சோடஸ் கப்பலில் 4,500 பேர். பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் மடக்கி, ஹைஃபாவில் இறக்கி, வேறு கப்பல்களில் ஏற்றிப் பிரான்சுக்கு அனுப்பின. பிரான்சில் இறங்க மறுத்தார்கள். கடைசியில் கொண்டுபோய் இறக்கிய இடம் ஹாம்பர்க், ஜெர்மனி. உங்கள் மாணவி கேட்ட கப்பல் இதுவாகத்தான் இருக்கும்.

இரண்டாவது பீரியடை மாணவனுக்கு ஒதுக்குங்கள். 'கூடுதல் தகவல்' என்று கடைசி ஐந்து நிமிடத்தில் தள்ளிவிட வேண்டாம். 1922 கணக்கெடுப்பில் பாலஸ்தீனத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 7,57,000. அதில் யூதர் சுமார் 84,000. 1931-இல் பத்து லட்சத்துச் சொச்சத்தில் 1,75,000. 1946-இல் மூன்றில் ஒரு பங்கு. மூன்று எண்களையும் போர்டில் எழுதி, அந்த ஊர் விவசாயியின் இடத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். நிலமும் இப்படித்தான் கைமாறியது. யெஸ்ரயேல் (Jezreel) பள்ளத்தாக்கில் பெரும்பரப்பு பெய்ரூட்டில் இருந்த சுர்சோக் குடும்பத்தின் பேரில் இருந்தது. பத்திரப்படி அவர்கள் விற்றார்கள், யூத நிதியம் வாங்கியது. தலைமுறையாக உழுத குத்தகைக்காரன் வெளியேறினான். பத்திரத்தில் பேர் இல்லாத உழவனின் கதையை நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு விளக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை.

1947 நவம்பர் 29-இல் ஐ.நா. பொதுச்சபை பிரிவினைத் திட்டத்தை 33-க்கு 13 என்ற வாக்கில் ஏற்றது. எதிர்த்து வாக்களித்த 13-இல் இந்தியாவும் ஒன்று. அந்தத் தீர்மானம் பரிந்துரைதான், நாட்டை ஐ.நா. உருவாக்கவில்லை. 1948 மே 14 வெள்ளிக்கிழமை மாலை, டெல் அவிவ் அருங்காட்சியகத்தில் யூதத் தலைவர் பென் குரியன் படித்ததுதான் நாட்டின் பிரகடனம். அதற்கு முன்பே தொடங்கிவிட்ட சண்டையும் பின்னால் நடந்த போரும் சுமார் ஏழு லட்சம் பாலஸ்தீனர்களை அகதிகளாக்கின. அவர்கள் அதை நக்பா, பேரழிவு என்கிறார்கள். 1951 முடிவதற்குள் இஸ்ரேலுக்கு வந்த யூதர்களும் ஏறத்தாழ ஏழு லட்சம். ஐரோப்பிய முகாம்களிலிருந்து வந்தவர்கள் பாதி; ஏமன், இராக் போன்ற இடங்களிலிருந்து வந்தவர்கள் பாதி. இராக்கிலிருந்து மட்டும் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், சொத்தைப் பறிகொடுத்துவிட்டு வந்தார்கள். ஒன்றுக்கு ஒன்று சரியாகப் போயிற்று என்று யாராவது கணக்கை முடிக்கப் பார்ப்பார்கள். அனுமதிக்காதீர்கள், ராமல்லாவில் கூடாரத்தில் இருந்த பாலஸ்தீனருக்கும் டெல் அவிவ் அருகே தகரக் கொட்டகையில் இருந்த யூதருக்கும் அந்தக் கணக்கால் ஒரு பலனும் இல்லை.

சொல்லிலும் கவனம் வேண்டும். தமிழ் வேதாகமத்தில் வருவது 'இஸ்ரவேல்'; 1948-இல் பிறந்த அரசு 'இஸ்ரேல்'. தமிழ் நமக்கு இரண்டு சொற்களைத் தந்திருக்கிறது, பிரித்தே பயன்படுத்துங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே தீரும்.

கடைசியாக, பள்ளிச் சுற்றுலா கொச்சி பக்கம் போனால், மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய யூத ஜெபாலயத்தைக் காட்டுங்கள். சனிக்கிழமை போய் ஏமாறாதீர்கள், அது அவர்களுடைய ஓய்வுநாள். நான் மேலே சொன்ன கதவுக் கணக்குக்குள் கொச்சி யூதர்கள் அடங்க மாட்டார்கள்; அவர்களை இங்கே யாரும் துரத்தவில்லை. 1950-களில் பெரும்பாலானோர் தாங்களாகவே கிளம்பிப் போனார்கள். நெகேவ் பாலைவனத்தில் நெவாதிம் என்ற அவர்களுடைய கிராமம் இன்றும் இருக்கிறது. உலகின் எந்த யூதரும் வரலாம் என்று இஸ்ரேல் 1950 ஜூலையில் சட்டம் போட்டிருந்தும், கொச்சிக்காரர்கள் உடனே போய்விட முடியவில்லை. அவர்களிடையே யானைக்கால் நோய் இருக்கிறது, பரவிவிடும் என்று இஸ்ரேல் மருத்துவத் துறை பயந்து அவர்களைக் காக்கவைத்தது. பொதுச் சுகாதாரத்துக்குக் கேடு என்று தோன்றினால் மறுக்கலாம் என்ற விதிவிலக்கு அந்தச் சட்டத்துக்குள்ளேயே, இரண்டாம் பிரிவில் இருக்கிறது.