தொழில் கேள்வி–பதில்: மானியம் எப்போது வருகிறது, யாரிடம் வருகிறது?

கேள்வி: திருமங்கலம் அருகே மரச்செக்கு எண்ணெய் உற்பத்தி தொடங்க விரும்புகிறேன். செக்கு, மோட்டார், வடிகட்டும் சாதனம், முதல் கொள்முதலுக்கான கடலை, எள் எல்லாம் சேர்த்து 12 லட்சம் ரூபாய் ஆகும். பெண்களுக்கு 35 விழுக்காடு மானியம் உண்டு என்கிறார்கள். அந்தப் பணத்தை முதலில் பெற்று, அதைக் கொண்டே செக்கை வாங்கிவிட முடியுமா?
– ஒரு வாசகி, மதுரை மாவட்டம்

பதில்: முடியாது. இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் இந்த நம்பிக்கையோடுதான் வருகின்றன என்பதால், பணம் நகரும் வரிசையைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் கேள்விப்பட்டது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம். உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய் வரையும் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் ரூபாய் வரையும் திட்ட மதிப்பீடு இதில் ஏற்கப்படுகிறது. பெண்கள் சிறப்புப் பிரிவில் வருவதால், ஊரகப் பகுதியில் தொழில் அமைந்தால் 35 விழுக்காடும், நகர்ப்புறத்தில் அமைந்தால் 25 விழுக்காடும் மானியம் கிடைக்கும். உங்கள் 12 லட்சத்தில் சொந்தப் பங்கு 5 விழுக்காடு, அதாவது 60,000 ரூபாய். மீதி 11,40,000 ரூபாயை வங்கி கடனாகத் தர வேண்டும். கடன் வழங்கத் தொடங்கிய பிறகே வங்கி மானியத்தைக் கோரிப் பெறுகிறது. அப்படி வரும் 4,20,000 ரூபாயும் உங்கள் கைக்கு வராது. உங்கள் பெயரில் அதே வங்கியில் மூன்று ஆண்டுகளுக்கு வைப்பாக இருக்கும். அந்த வைப்புக்கு வட்டி கிடையாது. அதே அளவு கடன் தொகைக்கும் உங்களிடம் வட்டி வாங்க மாட்டார்கள். மூன்று ஆண்டு கழித்து, தொழில் உண்மையிலேயே நடக்கிறதா என்று நேரில் பார்த்து உறுதி செய்தபின், அந்தத் தொகை கடனில் கழிக்கப்படும். இடையில் செக்கை விற்றுவிட்டு ஒதுங்கிக்கொண்டால், மானியம் வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

ஆகவே இது கையில் கிடைக்கும் முதல் அல்ல, ஒழுங்காகத் தொழில் நடத்துபவருக்குக் கடன் சுமையைக் குறைக்கும் ஏற்பாடு. மானியம் இல்லாவிட்டாலும் இந்தத் தொழில் தவணை கட்டும் அளவுக்கு ஈட்டுமா என்று முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தக் கணக்கு தேறாவிட்டால், 35 விழுக்காடு அதைத் தேற்றிவிடாது என்பதே என் கருத்து.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். ஊராட்சி எல்லைக்குள் வரும் இடம் ஊரகம். நகராட்சி எல்லைக்குள் அமைத்தால் மானியம் 3 லட்சமாகக் குறைந்துவிடும். நிலத்தின் விலையைத் திட்ட மதிப்பீட்டில் சேர்க்கக் கூடாது. உற்பத்தித் தொழிலில் மதிப்பீடு 10 லட்சத்தைத் தாண்டுவதால் எட்டாம் வகுப்புத் தேர்ச்சியும் கேட்பார்கள்.

நகருக்குள்தான் இடம் அமைகிறது என்றால், உணவு பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்காக 2020-ல் தொடங்கப்பட்ட மத்திய அரசுத் திட்டத்தையும் விசாரியுங்கள். அதில் ஊரகம், நகரம் என்ற வேறுபாடு இல்லை. தகுதியுள்ள செலவில் 35 விழுக்காடு, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய். ஆனால் சொந்தப் பங்கு 10 விழுக்காடு போட வேண்டும். எந்தத் திட்டமானாலும், ஒரே தொழிலுக்கு இரண்டு இடத்தில் மானியம் வாங்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கேள்வி: ஆறு ஆண்டுகளாக லேத் பட்டறை நடத்துகிறேன். கணினி வழி இயங்கும் புதிய இயந்திரம் வாங்க இதே திட்டத்தில் விண்ணப்பிக்கலாமா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் புதிதாகத் தொடங்குவோருக்கு மட்டும். ஏற்கெனவே அதிலோ, குறுந்தொழில்களுக்கான மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்திலோ கடன் பெற்று, அதை ஒழுங்காக அடைத்தவர்களுக்குத் தொழிலை விரிவாக்க இரண்டாவது கடன் உண்டு. சொந்தப் பணத்தில் தொடங்கியிருந்தால் உங்களுக்கு அந்த வழி திறக்காது. தமிழ்நாடு அரசின் முதலீட்டு மானியம் உங்களுக்குப் பொருந்தக்கூடும். குறு உற்பத்தி நிறுவனங்களுக்குத் தகுதியுள்ள இயந்திரங்களின் மதிப்பில் 25 விழுக்காடு அதில் வழங்கப்படுகிறது. விரிவாக்கத்துக்கு என்று தனி நிபந்தனைகள் இருப்பதால், இயந்திரத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுவிடுங்கள். வாங்கிய பின் போய் நிற்பவர்களே அதிகம். குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இல்லையென்றால் உடனே செய்துகொள்ளுங்கள். ஆதாரும் பான் எண்ணும் போதும், கட்டணம் ஒரு ரூபாய்கூடக் கிடையாது.

கேள்வி: முத்ரா கடனில் பாதி மானியம் வாங்கித் தருவதாக ஒருவர் 20,000 ரூபாய் கேட்கிறார். தரலாமா?
– ஒரு வாசகர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: தர வேண்டாம். முத்ராவில் மானியமே இல்லை. பிணையில்லாக் கடன் மட்டுமே உண்டு.

கேள்வி: எனக்கு 41 வயது, பட்டியல் சாதியைச் சேர்ந்தவன், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டேன். 40 லட்சம் ரூபாயில் அட்டைப்பெட்டித் தயாரிப்புக்குத் திட்டம் வைத்திருக்கிறேன். சொந்தப் பங்குக்குப் பணம் இல்லை. வழி உண்டா?
– ஒரு வாசகர், திருவள்ளூர் மாவட்டம்

பதில்: உண்டு, மேலே நான் சொன்ன வரிசைக்கு விலக்காக அமைந்த திட்டமும் அதுதான். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் தமிழ்நாடு அரசு 2023-ல் கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு மூலதன மானியம், அதிகபட்சம் ஒன்றரைக் கோடி ரூபாய் வரை கிடைக்கிறது. இங்கே மானியம் முன்னதாகவே வங்கிக்கு வந்து, உங்கள் பங்கின் இடத்தில் நிற்கிறது. உங்கள் திட்டத்தில் 14 லட்சம் மானியம், 26 லட்சம் வங்கிக் கடன். நீங்கள் தனியாகப் பங்கு போட வேண்டியதில்லை. கடன் வட்டியில் 6 விழுக்காட்டையும் அரசு ஏற்கிறது. கல்வித் தகுதி கேட்பதில்லை. வயது 55 வரை. சொந்தப் பங்குக்கே கந்துவட்டி வாங்கித் தொழிலின் முதல் ஆண்டிலேயே நொடித்துப்போவோரைப் பார்த்தவர்களுக்கு, இந்த அமைப்பின் மதிப்பு புரியும்.

கேள்வி: மாவட்டத் தொழில் மையம் என் விண்ணப்பத்தைப் பரிந்துரைத்துவிட்டது. வங்கியோ வீட்டுப் பத்திரத்தைப் பிணையாகக் கேட்கிறது. அரசு ஒப்புக்கொண்ட பிறகும் வங்கி மறுக்கலாமா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: பரிந்துரை வேறு, கடன் ஒப்புதல் வேறு. திருப்பிக் கட்டும் திறனைப் பார்த்து மறுக்கும் உரிமை வங்கிக்கு உண்டு. பிணை கேட்பது மட்டும் அப்படியல்ல: குறு, சிறு தொழில்களுக்கான 20 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு (2026 மார்ச் வரை இந்த வரம்பு 10 லட்சம்) பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. அதற்கு மேற்பட்ட தொகைக்கும், பத்திரத்துக்குப் பதிலாக, கடன் திரும்பாவிட்டால் வங்கிக்கு ஈடு தரும் கடன் உத்தரவாத நிதியத்தின் பாதுகாப்பில் கடன் தருமாறு கேட்கலாம். உங்கள் தொகை அந்த வரம்புக்குள் இருந்தால் மறுப்பின் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்; எழுதித் தரச் சொன்னதுமே பேச்சு மாறுவது உண்டு. மாறாவிட்டால் கடிதத்தோடு மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரையும், தொழில் மையப் பொது மேலாளரையும் பாருங்கள். அதற்கு முன் உங்கள் கடன் மதிப்பெண்ணை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். எப்போதோ யாருக்கோ போட்ட ஜாமீன் கையெழுத்து அதில் வந்து நிற்கலாம்.

கேள்வி: பரம்பரையாக மண்பாண்டம் செய்கிறோம். எனக்கு 38 வயது. பெரிய கடன் வேண்டாம். மின்சாரத் திருவை (பாண்டம் வனையும் சக்கரம்) வாங்கினால் போதும்.
– ஒரு வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்: 2025 ஏப்ரலில் தொடங்கப்பட்ட கலைஞர் கைவினைத் திட்டம் உங்களுக்கு ஏற்றது. 25 வகைத் தொழில்களில் மண்பாண்டமும் ஒன்று. 35 வயது நிறைந்திருக்க வேண்டும். தொழிலில் ஐந்து ஆண்டு அனுபவம் வேண்டும். 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 விழுக்காடு மானியம், அதிகபட்சம் 50,000 ரூபாய். வட்டியில் 5 விழுக்காடு அரசுடையது. திருவைக்கான விலைப்புள்ளியை விற்பனையாளரிடம் வாங்கிக்கொண்டு தொழில் மையத்துக்குச் செல்லுங்கள். பணம் மட்டும் ஒப்புதலுக்குப் பின் கட்டினால் போதும்.