தாத்தாவின் காரும் பேரனின் ஸ்கூட்டரும்

அன்புள்ள சார்,

லிங்கராஜபுரத்தில் அப்பா அம்மாவோடு இருக்கிறேன். அப்பாவுக்கு 73 வயது, தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அல்சூர் சோமேஸ்வரர் கோயிலுக்கு, மார்க்கெட்டுக்கு, சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு என்று இன்னமும் காரை அவரேதான் ஓட்டுகிறார். கொஞ்ச நாளாகக் காரில் புதுப்புதுக் கீறல்கள். கேட்டால் ‘எவனோ இடிச்சிட்டுப் போயிட்டான்’ என்கிறார். போன வாரம் ஹென்னூர் ரோட்டில் வலது பக்கம் திரும்பும்போது எதிரே வந்த பைக்கை அவர் கவனிக்கவே இல்லை, அம்மா கத்தியதால் தப்பித்தோம். இனி ஓட்ட வேண்டாம்ப்பா என்றேன். ‘உங்கக்கா பையன் பதினேழு வயசுல ஸ்கூட்டர்ல ட்யூஷன் போறான், அவனை ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்க. நாப்பத்தஞ்சு வருஷமா ஓட்டுற எங்கிட்ட சாவியைக் கேக்குறீங்களா’ என்று சொல்லிவிட்டு ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. யாரால் ஆபத்து சார், தாத்தாவாலா, பேரனாலா?

ச., பெங்களூர்

அன்புள்ள ச.,

உங்கள் அப்பா கேட்டது நியாயமான கேள்வி. பேரன் கையில் ஸ்கூட்டர் சாவி இருக்கும்வரை தாத்தாவிடம் நீங்கள் என்ன சொன்னாலும் அது அவமானமாகத்தான் போய்ச் சேரும். அதனால் முதலில் உங்கள் அக்காவிடம் பேசுங்கள்.

17 வயதில் அந்தப் பையன் சட்டப்படி ஓட்டக்கூடியது 50 சிசிக்கு மேல் போகாத கியர் இல்லாத வண்டி மட்டும்தான், அதுவும் லைசென்ஸ் எடுத்த பிறகு. இன்று வீடுகளில் இருக்கும் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 110 சிசி, 125 சிசி. 2019 செப்டம்பரில் அமலுக்கு வந்த திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 199ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். வயது வராத பையன் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோரும் வண்டிச் சொந்தக்காரரும் குற்றவாளிகள். மூன்று வருடம்வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து, பையனுக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது. எனக்குத் தெரியாமல் எடுத்துப் போனான் என்று நிரூபித்தால் பெற்றோர் தப்பலாம், ஆனால் தினமும் ட்யூஷனுக்குச் சாவியைக் கையில் கொடுத்து அனுப்புகிறவர்கள் அதை எந்த முகத்தோடு சொல்வார்கள்? அடிபட்டவருக்கு நஷ்ட ஈடு கொடுத்த இன்சூரன்ஸ் கம்பெனி, ஓட்டியவனுக்கு லைசென்ஸ் இல்லை என்று அந்தப் பணத்தை வண்டிச் சொந்தக்காரரிடமே திரும்ப வசூலிக்கவும் வழி இருக்கிறது. இதையெல்லாம் அக்காவிடம் மட்டுமல்ல, அத்தானிடமும் சொல்லுங்கள். வண்டி அவர் பெயரில் இருக்கலாம்.

சட்டத்தைவிட எனக்குப் பெரிய கவலை பின் சீட்டு. ட்யூஷன் முடிந்து அவன் தனியாகத் திரும்பமாட்டான் என்றே நினைக்கிறேன். கம்மனஹள்ளிப் பக்கம் சாயங்காலம் எட்டு மணிக்கு நின்று பாருங்கள், ஒரே ஸ்கூட்டரில் மூன்று பையன்கள், ஓட்டுகிறவன் பாதி முகத்தைப் பின்னால் திருப்பிச் சிரித்துப் பேசிக்கொண்டே போகிறான், ஹெல்மெட் இருந்தால் அது முழங்கையில் தொங்குகிறது. தனியாக ஓட்டும்போது ஒழுங்காக இருக்கும் பையன்கூட சம வயதுக்காரர்கள் ஏறியதும் வேறு ஆளாகிவிடுகிறான். அமெரிக்காவில் நடந்த ஆய்வுகளில், இள வயது ஓட்டுநரின் வண்டியில் அதே வயதுக்காரர்கள் கூடக் கூட மரண ஆபத்தும் கூடுகிறது என்று தெரிந்தது. நியூசிலாந்து 1987லேயே இதற்கென்று படிப்படியான லைசென்ஸ் முறையைக் கொண்டுவந்தது. ஆரம்பத்தில் ராத்திரி தனியாக ஓட்டக் கூடாது, நண்பர்களை ஏற்றக் கூடாது, அப்புறம்தான் முழு லைசென்ஸ். நம் ஊரில் எல்எல்ஆர் காலத்தை ஓட்டிவிட்டு ஒரு நாள் காலையில் எட்டு போட்டுக் காட்டினால் போதும், அன்றைக்கே ராத்திரி அவுட்டர் ரிங் ரோட்டில் மேம்பாலம் ஏறலாம். இங்கே அந்தப் படிகளை வீடுதான் போட வேண்டியிருக்கிறது. அவனுக்கு 18 ஆகி லைசென்ஸ் வாங்கிய பிறகும் முதல் வருடம் பின்னால் நண்பர்கள் கூடாது, ஒன்பது மணிக்கு மேல் வண்டி கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

யாரால் ஆபத்து என்று நேராகக் கேட்டீர்கள். எண்ணிக்கையை வைத்துச் சொன்னால் இளைய வயதுக்காரர்கள் பக்கம்தான் ஆபத்து அதிகம். 2022ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் செத்தார்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு 18லிருந்து 45 வயதுக்குள் இருந்தவர்கள். நூற்றுக்கு எழுபது சாவுக்கு மேல் அதிவேகம் காரணமாகப் பதிவாகியிருக்கிறது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்குப் பதினாறு, பதினேழு மீட்டர் போய்விடும். முன்னால் ஒரு நாய் குறுக்கே வந்ததைப் பார்த்து பிரேக்கில் விரல் அழுத்துவதற்குள் ஒரு பஸ்ஸின் நீளத்தைத் தாண்டியிருப்பான்.

ஆனால் அப்பா விஷயம் வேறு வகை. பேரன் வேகமாகப் போவதைத் தெரிந்தே செய்கிறான், வேண்டாம் என்றால் நிறுத்தவும் அவனால் முடியும். தாத்தாவுக்குத் தனக்கு எது தெரியவில்லை என்பதே தெரியாது. அந்த பைக்கை அவர் அசட்டையாக விடவில்லை, அவருடைய கண்ணுக்கு அது வந்தே சேரவில்லை. கிளாக்கோமா என்கிற கண் அழுத்த நோய் பக்கவாட்டுப் பார்வையைத்தான் முதலில் தின்னும், வலி இருக்காது, நடுப்பார்வை நன்றாக இருப்பதால் பேப்பர் படிப்பார், டிவி பார்ப்பார், ஓரத்தில் இருந்து வரும் வண்டி மட்டும் திடீரென்று முளைத்த மாதிரி இருக்கும். கண்புரை என்றால் எதிரே ஹைபீம் போட்டு வருகிற காரின் வெளிச்சம் கண் முழுக்கப் பரவி சில வினாடிகளுக்கு ரோடே தெரியாது. வயதானவர்கள் மோதுவது பெரும்பாலும் சந்திப்புகளில், அதிலும் எதிர்வரும் வண்டிகளுக்குக் குறுக்கே வலது பக்கம் திரும்பும்போது. வருகிற வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று ஒரே சமயத்தில் கணக்குப் போட வேண்டிய இடம் அது. உங்களுக்கு ஹென்னூர் ரோட்டில் நடந்தது அச்சாக இதுதான். அதோடு, அதே அடி இருபது வயது உடம்பில் எலும்பு முறிவாக முடியும், எழுபது வயது உடம்பில் உயிரையே எடுத்துவிடும்.

அதனால் இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். அவரோடு முன் சீட்டில் உட்கார்ந்து கோயிலுக்குப் போய் வாருங்கள், வாயைத் திறக்காமல். திரும்பும்போது கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறாரா, கண்ணை மட்டும் உருட்டுகிறாரா என்று பாருங்கள், கழுத்து வலியால் நிறையப் பேர் திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிடுகிறார்கள். இடது பக்கம் நுழைகிற பைக்குகளைப் பார்த்துத் திடுக்கிடுகிறாரா? பச்சை விளக்கிலும் பிரேக் போடுகிறாரா? ஹம்ப் இருப்பது ஏறிக் குதித்த பிறகுதான் தெரிகிறதா? அம்மாவின் கால் தன்னை அறியாமல் தரையை மிதிக்கிறதா என்றும் கவனியுங்கள், அவர் கூடவே போய் வருகிறவர், நமக்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் சொல்கிற கீறல்கள் எந்தப் பக்கம் என்று பாருங்கள். எல்லாம் இடது பக்கப் பின் கதவிலும் பம்பர் ஓரத்திலும் என்றால் எவனோ இடிக்கவில்லை.

அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்க வேண்டாம். 55 வயதுக்கு மேல் லைசென்ஸை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், 40 தாண்டியவர்களுக்குப் படிவம் 1ஏ என்ற மருத்துவச் சான்றும் வேண்டும். நல்ல வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்து நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா, மாலைக்கண் இருக்கிறதா என்றெல்லாம் அதில் கேள்வி உண்டு. ஆளைச் சரியாகப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுத் தருகிற இடங்கள் ஊருக்கு ஊர் இருப்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கு இது கோபம் வருகிற விஷயம். ஜப்பானில் 75 வயதுக்கு மேல் புதுப்பிக்க ஞாபக சக்திச் சோதனை எழுத வேண்டும், தானாக லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்கிறவர்களுக்குப் பல ஊர்களில் பஸ் கட்டணச் சலுகை உண்டு. 2019ல் டோக்கியோவில் 87 வயதுக்காரர் ஓட்டிய கார் ஒரு தாயையும் மூன்று வயது மகளையும் கொன்றது. அந்த ஒரு வருடத்தில் மட்டும் சுமார் 6 லட்சம் பேர் தாங்களாகவே லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அப்பாவை நல்ல கண் டாக்டரிடம் கூட்டிப் போங்கள், கண்ணாடிக் கடைப் பரிசோதனை போதாது, பக்கப் பார்வைச் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். சாப்பிடுகிற மாத்திரைச் சீட்டையும் காட்டுங்கள், தூக்க மாத்திரையும் சில சளி மாத்திரைகளும் மறுநாள் காலைவரை மந்தமாக்கும். இதில் அப்பாவுக்கும் லாபம் உண்டு. புரைதான் காரணம் என்றால் ஆபரேஷனுக்குப் பிறகு விபத்து குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, பகலில் தெரிந்த ரோட்டில் அவர் இன்னும் சில வருடம் ஓட்டலாம். அதுவரை ராத்திரி வேண்டாம், ஹென்னூர் ரோட்டில் அந்த வலது திருப்பம் வேண்டாம், கொஞ்ச தூரம் சுற்றினாலும் சிக்னல் இருக்கிற இடத்தில் திரும்பட்டும்.

கிளாக்கோமா முற்றியிருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டால் கார் நிற்கத்தான் வேண்டும். அதற்கு முன்னால், அவர் எப்படி வெளியே போவார் என்பதற்கு நீங்கள் ஏற்பாடு செய்துவிட வேண்டும். பெண்களுக்கு இலவசப் பஸ் பயணம் தருகிற சக்தி திட்டம் வந்த பிறகு அம்மா பிஎம்டிசி பஸ்ஸில் காசில்லாமல் போய் வருவார், அப்பாவுக்கு ஏறி இறங்க முட்டி விடுமா என்று யோசியுங்கள். உங்கள் பேட்டையில் தமிழ் பேசுகிற ஆட்டோக்காரர்கள் நிறைய. நிதானமான ஒருவரைப் பார்த்து, அப்பாவே போன் பண்ணிக் கூப்பிடுகிற மாதிரி, அப்பாவே காசு கொடுக்கிற மாதிரிப் பேசி வையுங்கள். கார் இன்சூரன்ஸ், சர்வீஸ், பெட்ரோல் எல்லாம் சேர்த்தால் அந்தப் பணத்தில் அவர் வாரம் பல தடவை அல்சூர் போய் வரலாம். ஒவ்வொரு முறையும் மகளிடம் ‘என்னைக் கொண்டு விடும்மா’ என்று கேட்க வைத்தால் அவர் கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிடுவார்.

பேசும்போது பேரனும் மாப்பிள்ளையும் பக்கத்தில் இருக்க வேண்டாம். அவரோடு வேலை பார்த்தவர்களில் யாராவது ஓட்டுவதை நிறுத்தியிருந்தால் அவரை ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிடுங்கள், மகள் சொல்வதைவிட அவர் சொல்வது ஏறும். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் அக்கா வீட்டு ஸ்கூட்டர் சாவி அக்காவின் பீரோவுக்குள் போயிருக்க வேண்டும், அதை அப்பாவிடம் அக்காவே சொல்ல வேண்டும். கண் டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.