காட்டுல கிடக்குற கற்குவியலுக்கு எதுக்கு யுனெஸ்கோ பாதுகாப்பு?

ஃபின்லாந்துல இருக்குற சம்மல்லாதென்மாகி பத்தித்தான கேக்குறீங்க? போட்டோல பாத்தா யாரோ லாரில கொண்டுவந்து கல்ல கொட்டிட்டு போன மாதிரிதான் இருக்கும், உண்மைதான். ஆனா அது கிமு 1500ல இருந்து 500 வரைக்கும், அதாவது வெண்கலக் காலத்துல கட்டின கல்லறைங்க. 30க்கு மேல குவியல் இருக்கு, எல்லாம் கிரானைட். அதுல ஒண்ணு சுமார் 16க்கு 19 மீட்டர், மேல தட்டையா இருக்கும், அதனால ஊர்க்காரங்க அதுக்கு 'சர்ச் தரை'ன்னே பேரு வச்சிட்டாங்க.

அப்போ இந்த இடம் கடல் பக்கத்துலயே இருந்துச்சு, பனிப்பாறை உருகி பாரம் போனதால நிலம் மெல்ல மெல்ல மேல எழும்பி இப்ப கடல் ரொம்ப தள்ளிப் போயிடுச்சு, அதனாலதான் சம்பந்தமே இல்லாம காட்டுக்குள்ள நிக்குது.

இதுல ஒரு கல்ல எடுத்தா என்ன ஆயிடப் போகுதுன்னு தோணலாம், ஆனா இங்க கல்லு அடுக்கியிருக்குற விதமேதான் தகவல். உள்ள தங்கம் வெள்ளின்னு எதுவும் எதிர்பாக்காதீங்க, எரிச்ச எலும்புத் துண்டும் கரியும் கொஞ்சூண்டு கிடைச்சா பெரிய விஷயம், அதுவும் எந்தக் கல்லுக்கு அடியில இருந்துச்சுன்னு தெரிஞ்சாதான் அர்த்தம். மேல படர்ந்திருக்குற பாசி மாதிரியான கல்பூவும் மிதிச்சா போயிடும், திரும்ப வளர பல வருஷம் ஆகும்.

யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தது 1999லதான். அந்த நாட்டு 1963 தொல்பொருள் சட்டப்படி இந்த மாதிரி பழைய சின்னம் எல்லாத்துக்கும் தானாவே பாதுகாப்பு உண்டு, பர்மிஷன் இல்லாம தோண்டவும் கூடாது, மூடவும் கூடாது.