நடந்தும் அளவாகச் சாப்பிட்டும் எடை குறையாதவர்களுக்கு: உணவியல் நிபுணரிடம் கேள்வி பதில்

ஈரோடு: வயது 38, எடை 74 கிலோ. தினமும் 45 நிமிடம் நடக்கிறேன். காலையில் 3 இட்லி, மதியம் ஒரு கப் சோறு, இரவு 2 சப்பாத்தி. பொரித்தது தொடுவதே இல்லை. நான்கு மாதமாக எடை அப்படியே நிற்கிறது. ஏன் மேடம்?

பதில்: நீங்கள் எழுதாமல் விட்டதில்தான் விடை இருக்கிறது. இட்லிக்கு என்ன தொட்டுக்கொண்டீர்கள்? சப்பாத்தி எண்ணெய் விட்டுச் சுட்டதா? டீ எத்தனை, சர்க்கரை எவ்வளவு? 3 இட்லி சுமார் 180 கலோரி. பொடிக்கு ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் ஊற்றினாலே 120. கூடவே தேங்காய்ச் சட்னி வந்தால் இட்லியையே மிஞ்சிவிடும். செக்கெண்ணெய், ரீஃபைண்ட், ஆலிவ் எதுவானாலும் கலோரி ஒன்றுதான்.

நடையின் கணக்கு இன்னும் கசப்பு. 4 கிலோமீட்டர் நடந்தால், சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருப்பதைக் கழித்து, உங்கள் எடைக்கு 150 கலோரி தேறும். மாலையில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை, 30 கிராம், 170 கலோரி. முடிந்தது.

இப்படிச் செய்யுங்கள். மாதம் வாங்கும் எண்ணெய், நெய் எல்லாவற்றையும் கூட்டி ஆட்களால் வகுங்கள். 4 பேருக்கு 4 லிட்டர் என்றால் ஆளுக்கு நாளைக்கு 33 மில்லி, ஏறக்குறைய 270 கலோரி. அதை இரண்டு லிட்டராக்குங்கள். பிறகு சமையலறைத் தராசு ஒன்று வாங்கி, இரண்டு வாரம் அரிசி, பருப்பு, மாவு எல்லாவற்றையும் பச்சையாக எடை போட்டு, சாப்பிட்ட அன்றே எழுதுங்கள். 'ஒரு கப்' என்பது அளவே அல்ல. 100 கிராம் அரிசி வெந்தால் கிட்டத்தட்ட 300 கிராம் சோறு.

நீங்கள் பொய் சொல்வதாக நான் சொல்லவில்லை. 'என்ன செய்தும் குறையவில்லை' என்றவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்து 1992இல் வெளியான ஆய்வில், அவர்கள் உண்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். எல்லாம் அவர்களே குறித்துக் கொடுத்த கணக்கு.

சேலம்: அரிசியை விட்டு முழுக்கத் தினை, சாமைக்கு மாறிவிட்டேன். அப்படியும் குறையவில்லையே?

பதில்: பச்சையாக 100 கிராமுக்கு அரிசி 350 கலோரி, தினையும் சாமையும் அதற்குப் பக்கத்தில்தான். நார்ச்சத்து கூடுதல், நல்லதுதான். ஆனால் நெய் மிதக்கும் தினைப் பொங்கலும் பொங்கல்தான்.

மதுரை: தைராய்டு இருக்கிறது, டிஎஸ்எச் 2.8. மாத்திரை அளவைக் கூட்டினால் எடை குறையுமா?

பதில்: கூட்டாதீர்கள். படபடப்பு வரும், நாளடைவில் எலும்பு தேயும். தைராய்டு குறைவால் ஏறுவது பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் உப்பும் நீரும் அதிகம். டிஎஸ்எச் என்பது தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை அளவு. 2.8 இயல்பான அளவுதான், இப்போது பழியை அதன்மேல் போட முடியாது. மாத்திரையை வெறும் வயிற்றில், காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு போடுங்கள். கால்சியம், இரும்பு மாத்திரைக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

திருச்சி: இந்தக் கலோரிக் கணக்கே வேண்டாம். சோறு, மாவுச்சத்தைத் தவிர்க்கும் பேலியோ உணவுமுறையில் வயிறு நிறையச் சாப்பிட்டே முதல் வாரம் 3 கிலோ போகிறது!

பதில்: முதல் வாரம் போவது பெரும்பாலும் நீர். மாவுச்சத்திலிருந்து உடல் சேர்த்துவைக்கும் கிளைகோஜன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தை நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து இறங்கும். அதன்பின் குறைவது கொழுப்பு, மறுக்கவில்லை. புரதம் பசியை அடக்குகிறது, முறுக்கும் பிஸ்கட்டும் வீட்டைவிட்டுப் போயிருக்கின்றன.

கரூர்: எனக்குப் போனதெல்லாம் எட்டே மாதத்தில் திரும்பிவிட்டது. திருச்சிக்காரர் அதைச் சொல்ல மாட்டார்.

திருச்சி: விட்டுவிட்டால் வரத்தான் செய்யும் சார். அரிசிதான் குற்றவாளி என்று மேடம் ஒப்புக்கொள்ளட்டும்.

பதில்: மாட்டேன். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரைப் பிரித்து ஓராண்டு பார்த்து 2018இல் வெளியிட்டார்கள். உணவில் கொழுப்பைக் குறைத்தவர்களுக்குச் சராசரி 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கு 6 கிலோ எடை இறங்கியது. பொருட்படுத்தும் வித்தியாசம் இல்லை. எதை ஓராண்டு கடைப்பிடிக்க முடியுமோ அதை எடுங்கள். ஆனால் இன்சுலினோ கிளிமிபிரைடு என்ற சர்க்கரை நோய் மாத்திரையோ போடுபவர் சோற்றைத் திடீரென நிறுத்தினால் ரத்தச் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழலாம். டாபாகிளிஃப்ளோசின் என்ற இன்னொரு சர்க்கரை நோய் மாத்திரை போடுபவருக்கு ரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து. மருத்துவரைக் கேட்காமல் யாரும் தொடாதீர்கள். பேலியோ விவாதம் இத்துடன் போதும்.

நெல்லை: வெந்நீரில் தேன் கலந்து குடித்தால் கொழுப்பு கரையுமா?

பதில்: கரையாது. தேன் மேசைக்கரண்டிக்கு 64 கலோரி.

தஞ்சை: ஜிம்மில் சேர்ந்து மூன்று வாரம். ஒன்றரை கிலோ ஏறிவிட்டது!

பதில்: புதிதாக எடை தூக்கும்போது தசை நீர் பிடிக்கும். தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து வாரம் ஒருமுறை அளந்து பாருங்கள். பெண் என்றால், மாதவிடாய்க்கு முந்தைய வாரத்து எடையைப் போன மாதத்து அதே வாரத்தோடு ஒப்பிடுங்கள்.

கடலூர்: தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன், குறைவாகத்தான் சாப்பிடுகிறேன், ஆனாலும்...

பதில்: ஈரோட்டுக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். எண்ணெயை அளந்த பிறகு எழுதுங்கள்.

விழுப்புரம்: அம்மாவுக்கு மூன்று மாதத்தில் 8 கிலோ ஏறிவிட்டது. முகம் உப்பியிருக்கிறது, வயிற்றில் ஊதா வரிகள், கை கால் மெலிவு. மூட்டு வலிக்கு ஒரு பொடி சாப்பிடுகிறார். என்ன டயட் தரலாம்?

பதில்: இது டயட் விஷயமே இல்லை. ஸ்டீராய்டு உடலில் மிஞ்சினால் இப்படித்தான் வரும். இந்த வாரமே நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், அந்தப் பொடியையும் கையோடு கொண்டுபோங்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவர் சொல்லும் வரை நீங்களாக நிறுத்த வேண்டாம்.