மட்டைக்கு 245 மில்லியன், பிட்சருக்கு மிச்சம்

கேள்வி: 2023 ஜூலையில் அமெரிக்க பேஸ்பால் அணியான ஏஞ்சல்ஸ், வளர்ந்து வந்த கேட்சர் (பந்தைப் பிடிப்பவர்) எட்கர் குவேரோவையும் பிட்சர் (பந்தை எறிபவர்) கை புஷ்ஷையும் சிகாகோ ஒயிட் சாக்ஸுக்குக் கொடுத்து, லூகஸ் ஜியோலிட்டோ, ரெய்னால்டோ லோப்பஸ் என்ற இரண்டு பிட்சர்களை வாங்கியது. ஆகஸ்ட் முடிவதற்குள் இருவரையும் வேவரில் (வேண்டிய அணி எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடும் முறை) போட்டு, கிளீவ்லண்டுக்குச் சும்மா தாரை வார்த்தது. யோசித்துத்தான் செய்தார்களா?
– ஓர் ஏஞ்சல்ஸ் ரசிகர், இர்வைன்

பதில்: ஜூலையில் வாங்கியதை நான் குறை சொல்ல மாட்டேன். எறிவதிலும் அடிப்பதிலும் நட்சத்திரமான ஷோஹெய் ஒட்டானியின் ஒப்பந்தம் அந்த சீசனோடு முடிகிறது, பிளேஆஃப் (சீசன் முடிவில் பட்டத்துக்காக நடக்கும் சுற்று) எட்டும் தூரத்தில் இருக்கிறது. அப்போது வாங்காமல் எப்போது வாங்குவது? ஆனால் ஆகஸ்டில் 8 வெற்றி, 19 தோல்வி. ஏஞ்சல்ஸ் சட்டையில் ஜியோலிட்டோ ஜெயித்தது ஒன்று, தோற்றது ஐந்து. 23ஆம் தேதி ஒட்டானியின் முழங்கைத் தசைநாரும் கிழிந்தது. அப்புறம்தான், மொத்தச் சம்பளம் தாண்டினால் அணி வரி கட்ட வேண்டிய வரம்புக்குள் வருவதற்காக ஆறு பேரை வேவரில் போட்டார்கள்.

என் கோபமெல்லாம் 2019 டிசம்பர் மேல்தான். கணக்காளனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். செலவுப் பட்டியலைத்தான் முதலில் பார்ப்பேன். பிட்சர் கெரிட் கோல், ஏஞ்சல்ஸ் இருக்கும் இதே ஆரஞ்சு கவுண்டியில் வளர்ந்த பையன். அவரை நியூயார்க் யாங்கீஸ் 324 மில்லியன் டாலருக்குக் கொண்டு போனது. சரி, அவர் கிடைக்கவில்லை. அடுத்த பிட்சரைத் தேட வேண்டாமா? 245 மில்லியனை ஏழு வருடத்துக்கு ஆன்டனி ரெண்டனிடம் கொடுத்தார்கள். அவர் பிட்சரே இல்லை, மூன்றாம் பேஸ் ஆட்டக்காரர்! 2021 முதல் எந்த சீசனிலும் அவர் 60 ஆட்டத்தைத் தொடவில்லை. பிட்சிங்குக்கு மிஞ்சிய காசில் வந்தவர்களில் ஒருவர் ஹூலியோ டெஹரான்: 2020இல் வெற்றியே இல்லை, தோல்வி நான்கு, ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்ட ரன் சராசரி, குறைவாக இருந்தால்தான் நல்லது) 10.05. அதே குளிர்காலத்தில் பிட்சர் ஸாக் வீலர் 118 மில்லியனுக்கு ஃபிலடெல்ஃபியா போனார். இன்றும் நினைத்தால் வயிறு எரிகிறது.

கேள்வி: கிரிக்கெட்டில் ஐந்து பந்துவீச்சாளர்கள் போதும். பேஸ்பாலில் மட்டும் ஏன் இத்தனை பேர்?
– வாசகி, சென்னை

பதில்: ஆறு மாதத்தில் 162 ஆட்டம், அம்மா. ஆட்டத்தைத் தொடங்கி எறியும் ஸ்டார்ட்டர் ஒருவர் ஒருநாள் எறிந்தால் நான்கைந்து நாள் ஓய்வு. அதனால் ஐந்து பேர், ஒட்டானி இருந்த ஏஞ்சல்ஸில் ஆறு பேர். முழு வருடமும் எல்லோர் கையும் தாங்குவது அபூர்வம். எட்டாவது, ஒன்பதாவது ஆள் தயாராக இல்லாத அணி ஜூலைக்குள் திணறிவிடும்.

கேள்வி: 2021 டிராஃப்டில் (அணிகள் முறைவைத்து இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) ஏஞ்சல்ஸ் எடுத்த 20 பேரும் பிட்சர்கள்தானே? பிறகு எப்படி பிட்சிங்கைப் புறக்கணித்தார்கள் என்கிறீர்கள்?
– வாசகர், ஃப்ரீமான்ட்

பதில்: எடுத்தார்கள், ஒப்புக்கொள்கிறேன். வளர்த்தார்களா? முதல் தேர்வு சாம் பாக்மன் காயங்களோடு போராடினார். இரண்டாவது தேர்வு யார் தெரியுமா? மேலே பார்த்த கை புஷ்தான்; ஜியோலிட்டோவுக்காகக் கொடுத்துவிட்டார்கள். ஒட்டானி போனதற்கு ஈடாக 2024இல் கிடைத்த டிராஃப்ட் இடத்தில் ரயன் ஜான்சனை எடுத்தார்கள். அவரையோ ஒரு மைனர் லீக் (இளம் ஆட்டக்காரர்கள் பழகி வளரும் கீழ்நிலை லீக்) ஆட்டம்கூட ஆடவிடாமல் 2025 தொடக்கத்திலேயே மேலே ஏற்றி, சில வாரங்களில் திருப்பி அனுப்பினார்கள். பட்டத்தை முடிவு செய்யும் 2002 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்த ஜான் லாக்கி, இதே அணி மைனர் லீகில் பொறுமையாக வளர்த்த புதுமுகம். அந்தப் பொறுமை இப்போதைய நிர்வாகத்திடம் இல்லை. உரிமையாளர் ஆர்ட்டி மொரேனோவுக்கு ஸ்டேடியத்துக்கு வெளியே படம் ஒட்டுகிற மாதிரிப் பெயர் வேண்டும். எட்டாவது பிட்சரின் படத்தை யார் ஒட்டுவார்கள்?

கேள்வி: ஏஞ்சல்ஸின் நட்சத்திரம் மைக் ட்ரவுட் மறுபடி பிளேஆஃப் ஆடுவாரா?
– அதே இர்வைன் ரசிகர்

பதில்: 2014இல் மூன்று ஆட்டம் ஆடினார், மூன்றிலும் கன்சாஸ் சிட்டியிடம் தோல்வி. ஒப்பந்தம் 2030 வரை இருக்கிறது. இந்த பிட்சிங்கை வைத்துக்கொண்டு ஆடுவார் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.