‘ஃபைல் அழித்தாகிவிட்டது’ என்று பதில் வந்தால்?

முன்னாள் படைவீரர் பக்கம் – வாசகர் கேள்விகள்

கேள்வி: ஐயா, என் அப்பா 1974இல் ராணுவத்தில் சேர்ந்து 1983இல் வீட்டுக்கு வந்துவிட்டார். லடாக்கில் டியூட்டியில் இருக்கும்போது த்ரீ டன் வண்டி கவிழ்ந்து வலது முழங்கால் போய்விட்டது, நாலு மாதம் மிலிட்டரி ஆஸ்பத்திரியில் இருந்தேன், மெடிக்கல் போர்டு (ராணுவ டாக்டர்கள் குழு) வைத்து அனுப்பிவிட்டார்கள் என்பார். டிசபிலிட்டி பென்ஷன் கேட்டு மனு போட்டு, 1984இல் முடியாது என்று கடிதம் வந்ததாம். அந்தக் கடிதத்தைக் கரையான் தின்றுவிட்டது. போன வருடம் ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுதினோம். 25 வருடம் முடிந்ததால் ஆவணங்கள் விதிப்படி அழிக்கப்பட்டன என்று இரண்டே வரியில் பதில். அப்பாவுக்கு இப்போது 70. இனிமேல் ஏதாவது செய்ய முடியுமா? டிஸ்சார்ஜ் புக் நகல் இணைத்திருக்கிறேன்.
– வேலூர் மாவட்ட வாசகர் (பெயரும் ரெஜிமெண்டும் வேண்டாம் என்றிருக்கிறார்)

பதில்: செய்ய முடியும் தம்பி. ஆனால் ‘கருணையோடு பரிசீலிக்கவும்’ என்று இன்னொரு மனு எழுத உட்காராதீர்கள். அந்த டிஸ்சார்ஜ் புக்கின் அசலை எடுத்து ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

நீங்கள் அனுப்பிய நகலைப் பூதக்கண்ணாடி வைத்து ரொம்ப நேரம் பார்த்தேன். டிஸ்சார்ஜ் ஆன காரணம் எழுதியிருக்கும் வரியில் ‘ஆர்மி ரூல் 13(3)’ தெளிவாக இருக்கிறது, பக்கத்தில் பெரிய ரோமன் எழுத்தில் மூன்றும் இருக்கிறது, அதற்கப்புறம் அடைப்புக்குறிக்குள் சின்ன எழுத்தில் ஒரு ரோமன் எண், அந்த இடத்தில்தான் தண்ணீர் பட்டு மை பரவிவிட்டது. மூன்று குட்டிக் கோடா, இல்லை ஒரு கோடும் ‘வி’யுமா என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை. உங்கள் அப்பாவின் கேஸ் முழுக்க அந்த மூன்று மில்லிமீட்டரில் இருக்கிறது. மூன்று என்றால் மெடிக்கல் அன்ஃபிட், அதாவது ராணுவம் அவரை உடல்நிலை காரணமாக வெளியே அனுப்பியிருக்கிறது. நான்கு என்றால் சொந்த விருப்பத்தில் வந்தார் என்று அர்த்தம். ரொம்பப் பேர் வீட்டுக் கஷ்டத்தில் அப்படி எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, ‘போர்டு வைத்து அனுப்பினார்கள்’ என்று பிள்ளைகளிடம் சொல்லியிருப்பார்கள். உங்கள் அப்பா அப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனால் உட்கார்ந்து நிதானமாகக் கேளுங்கள். 2006க்கு முன்னால் சொந்த விருப்பத்தில் வந்தவர்களுக்கு இந்த வழி ரொம்பக் கரடுமுரடு.

அசலிலும் தெரியவில்லையா? லாங் ரோல் இருக்கிறது. பென்ஷன் இல்லாமல் போனவர்களின் சர்வீஸ் ஆவணங்களை 25 வருடத்துக்குப் பிறகு அழிக்கலாம் என்பது ராணுவ ஒழுங்குமுறைகள் 1987இல், 595ஆம் பத்தியில் இருப்பது. ஆகவே உங்களுக்கு வந்த பதில் பொய் கிடையாது, பாதிப் பதில். லாங் ரோல் என்கிற பெரிய பதிவேட்டை அழிக்கக் கூடாது, அது நிரந்தரம். ஆளுக்கு ஒரு பதிவு, சேர்ந்த தேதி, போன தேதி, போன காரணம், பெரும்பாலும் மெடிக்கல் கேட்டகரியும் (உடல்தகுதி நிலை) அதில் இருக்கும். நானே ஒரு ரெக்கார்டு ஆபீஸில் கிளார்க்காக உட்கார்ந்தவன்தான். தடிமனான அந்தப் புத்தகத்தை அலமாரியிலிருந்து இறக்க இரண்டு பேர் வேண்டும். அதனால்தானோ என்னவோ, யாராவது குறிப்பிட்டுக் கேட்டால் தவிர அதை யாரும் இறக்குவதில்லை.

(அமெரிக்காவில் 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் ஆவணக் கிடங்கு எரிந்து ஒன்றரைக் கோடிக்கும் மேலான படைவீரர் ஃபைல்கள் போயின. அங்கே அதற்கு ஒரு தீ விபத்து தேவைப்பட்டது. நமக்கு விதியே போதும்.)

ஆகவே முதல் வேலை ஒரு ஆர்டிஐ. பத்து ரூபாய், ஆன்லைனிலேயே போடலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். அப்பா பெயரில், அவரே விண்ணப்பதாரராக இருந்து போடுங்கள், நீங்கள் போட்டால் மூன்றாம் நபர் விவரம் என்று தள்ளிவிட வசதியாகிவிடும். லாங் ரோலில் அவருடைய ஆர்மி நம்பருக்கு எதிரே உள்ள பதிவின் சான்றிட்ட நகல், ஃபைல் எந்தத் தேதியில் எந்த உத்தரவின்படி அழிக்கப்பட்டது, அழித்ததற்கான போர்டு (அதிகாரிகள் குழு) நடவடிக்கையின் நகல், இவ்வளவு கேட்டால் போதும். ‘ஏன் எனக்குப் பென்ஷன் தரவில்லை’ என்று ஆர்டிஐயில் கேட்காதீர்கள். ஏன் என்பதற்கு அதில் பதில் வராது, காகிதம்தான் வரும்.

இன்னொன்று. ஒரு சிப்பாயின் காகிதம் ஒரே இடத்தில் தங்குவதில்லை. அந்தக் காலத்தில் டிசபிலிட்டி கிளெய்மைத் தீர்மானித்தது அலகாபாத் பென்ஷன் கணக்கு அலுவலகம், இப்போது பிரயாக்ராஜ். 1984இல் வந்த கடிதம் அங்கிருந்து போன முடிவாகத்தான் இருக்கும். பழைய டிரங்குப் பெட்டியில் ஜி-3 என்று தொடங்கும் எண்ணோடு ஒரு துண்டுத் தாள் கிடைத்தாலும் விடாதீர்கள், அந்த எண்ணை வைத்து அங்கேயும் ஒரு ஆர்டிஐ போடலாம். ஆஸ்பத்திரியில் சேர்ந்தது, வெளியே வந்தது எல்லாம் யூனிட்டில் பார்ட் டூ ஆர்டராக (வீரரின் விவர மாற்றங்களைப் பதியும் உத்தரவு) வந்திருக்கும், அதன் பிரதி சம்பளக் கணக்கு அலுவலகத்துக்கும் போகும். வண்டி கவிழ்ந்தது உண்மையென்றால் காய அறிக்கை ஒன்று எழுதியிருப்பார்கள், டியூட்டியில் பட்ட காயமா என்பதை அதில் கமாண்டிங் ஆபீசர் குறிப்பிட்டிருப்பார். அப்புறம் நம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். 1983இல் வந்ததும் வேலைக்குப் பதிய அப்பா அங்கே போயிருப்பார், அந்தப் பதிவேட்டில் டிஸ்சார்ஜ் காரணத்தையும் கேட்டகரியையும் அப்போதே டிஸ்சார்ஜ் புக்கைப் பார்த்து எழுதியிருக்க வாய்ப்பு உண்டு. அப்போது மை பரவியிருக்காது இல்லையா.

அந்த வண்டியில் கூட இருந்தவர் யாராவது உயிரோடு இருந்தால் அவரிடம் ஒரு பிரமாணப் பத்திரம் வாங்குங்கள். அதுவே தனியாக நிற்காது, மற்ற காகிதத்துக்குத் துணை நிற்கும். இப்போது தனியார் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு 40 சதவீதம் என்று வாங்கும் சர்டிஃபிகேட்டுக்கு இங்கே பெரிய மதிப்பில்லை. இன்று கால் எப்படி இருக்கிறது என்பதைத்தான் அது சொல்லும், 1983இல் ஏன் அப்படி ஆனது என்று சொல்லாது.

சரி, 40 வருடம் ஆகிவிட்டதே, காலம் கடந்ததாகாதா? 2008இல் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பார்த்தது. அவரும் உங்கள் அப்பா மாதிரியே 1983இல் மெடிக்கலில் வெளியே வந்தவர், கோர்ட்டுக்குப் போனது 1999இல். மாதாமாதம் வர வேண்டிய பென்ஷன் வராமல் இருப்பது தொடர்ந்து நடக்கும் தவறு, அதனால் தாமதம் என்று மட்டும் சொல்லித் தள்ள முடியாது, ஆனால் அரியர் மனு போட்ட நாளுக்கு மூன்று வருடம் முன்னால் வரைதான் என்றார்கள். அதாவது 1984லிருந்து கணக்குப் போட்டு லட்சக்கணக்கில் கனவு காண வேண்டாம். ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் ஒரு மாதப் பணம் நிரந்தரமாகப் போகிறது, அவ்வளவுதான்.

2013இல் வந்த தரம்வீர் சிங் தீர்ப்பு இன்னும் பெரியது. சேரும்போது உடம்பில் குறை என்று குறிப்பு எதுவும் இல்லையென்றால் ஆள் நல்ல உடம்போடுதான் சேர்ந்தார் என்று எடுத்துக்கொள்ள வேண்டும், பிறகு மெடிக்கலில் அனுப்பினால் அது சர்வீஸால் வந்தது என்று கருத வேண்டும், நிரூபிக்கும் பாரம் சிப்பாயின் தலையில் இல்லை. ஒன்பது வருட சர்வீஸ்தானே என்ற கவலையும் வேண்டாம், டியூட்டியால் வந்த ஊனம் என்று ஆனால் பென்ஷனுக்கு 15 வருடக் கணக்கு கிடையாது.

இதையெல்லாம் படித்துவிட்டு ஜெயித்தாயிற்று என்று நினைக்காதீர்கள். அரசுத் தரப்பு வக்கீல் எழுந்து, ‘25 வருடம் தூங்கிவிட்டு, நாங்கள் விதிப்படி ஃபைலை அழித்த பிறகு வந்து கேட்கிறார், மெடிக்கல் போர்டு என்ன சொன்னது என்று யாருக்குத் தெரியும்?’ என்பார். இந்த வாதத்தை ஏற்றுத் தள்ளுபடி செய்த தீர்ப்புகளும் உண்டு. ஃபைல் இல்லாததன் பலன் யாருக்கு என்பது, உங்கள் கையில் வேறு என்ன காகிதம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. லாங் ரோலில் மூன்று என்று இருந்தால் நீங்கள் வலுவான இடத்தில் நிற்கிறீர்கள், வேறு எதுவும் இல்லாமல் அப்பாவின் வார்த்தை மட்டும் என்றால் நான் செலவு பண்ணச் சொல்ல மாட்டேன்.

காகிதம் வந்ததும் ரெக்கார்டு ஆபீஸுக்கு ரெஜிஸ்டர் தபாலில் முறையாக ஒரு மனு. நிராகரித்தாலோ, ஆறு மாதம் பதிலே இல்லாவிட்டாலோ சென்னையில் உள்ள ஆயுதப் படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தாமதத்தை மன்னிக்கக் கேட்டு ஒரு தனி மனுவும் சேர்த்துப் போட வேண்டும். சதவீதம் தெரியவில்லை என்றால் மிலிட்டரி ஆஸ்பத்திரியில் புதிதாக போர்டு வைக்கச் சொல்லித் தீர்ப்பாயத்திடமே கேட்கலாம். ஊனம் குறைந்தது 20 சதவீதம் இருந்தாக வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

கேள்வி: சர்வீஸ் முழுதாக முடித்து ஓய்வு பெற்றேன். 30 சதவீத டிசபிலிட்டி வருகிறது. என் கூட இருந்தவருக்கு அதே 30, ஆனால் 50க்குப் பணம் வாங்குகிறார். எப்படி?
– தேனி வாசகர்

பதில்: ரவுண்டிங். 50க்குக் கீழே இருந்தால் 50, 50 முதல் 75 வரை 75, அதற்கு மேல் 100. முதலில் மெடிக்கலில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் கொடுத்தார்கள், சர்வீஸ் முடித்து வந்தவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் நண்பர் கேட்டிருக்கிறார், நீங்கள் கேட்கவில்லை. பிபிஓ (பென்ஷன் வழங்கும் உத்தரவு) நகலை வைத்து உடனே எழுதுங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் இறந்துவிட்டார். அவருடைய பழைய டிசபிலிட்டி கேஸைத் திறந்து தருகிறேன், வரும் அரியரில் 30 சதவீதம் கொடுங்கள் என்று ஒருவர் வருகிறார். கையெழுத்துப் போடலாமா?
– திண்டுக்கல் வாசகி

பதில்: போடாதீங்கம்மா. அவர் வக்கீல் என்றால், ஜெயித்தால் இவ்வளவு பங்கு என்று பேசுவதே பார் கவுன்சில் விதிக்கு விரோதம். வக்கீல் இல்லையென்றால் அவருக்கு எதற்குக் கையெழுத்து? பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, வருமான வரம்பு பார்க்க மாட்டார்கள். உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். டிஸ்சார்ஜ் புக்கின் அசலை மட்டும் யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள், ஜெராக்ஸ் போதும்.