மந்தமாகிப்போன ஷட்டர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் 120 ஃபிலிம் போடும் பழைய இரட்டை லென்ஸ் கேமரா ஒன்று இருக்கிறது. 1 வினாடிக்கு வைத்தால் ஷட்டர் அதைவிட நெடுநேரம் திறந்திருக்கிறது. சில சமயம் மூடாமலே நின்றுவிடுகிறது. 1/125, 1/250 ஆகிய வேகங்கள் சரியாக இருப்பதாகவே தோன்றுகிறது. ஸ்பிரிங் தளர்ந்துவிட்டதா? மாற்ற வேண்டுமா?

பதில்: ஸ்பிரிங்கின் மேல் பழி போட வேண்டாம். அது தளர்ந்திருந்தால் முதலில் கெடுவது உயர் வேகங்கள்தான். ஏனெனில் அங்கே ஷட்டரின் மெல்லிய உலோக இதழ்களைத் திறந்து மூடும் வேலை முழுவதையும் அதன் விசையே செய்கிறது. 1 வினாடி, 1/2, 1/4 போன்ற குறைந்த வேகங்களில் மட்டும், சிறு பல்சக்கரங்கள் கொண்ட ஒரு தாமதப் பொறி குறுக்கே வந்து, இதழ்கள் மூடுவதைக் கணக்காகத் தள்ளிப்போடுகிறது. பல பத்தாண்டுகளுக்கு முன் அதில் இட்ட எண்ணெயும் கிரீஸும் உலர்ந்து பிசினாகிவிட்டால் சக்கரங்கள் தயங்குகின்றன, அல்லது நடுவழியில் நின்றுவிடுகின்றன. நீங்கள் சொல்லும் அறிகுறிகள் பெரும்பாலும் இதையே காட்டுகின்றன.

உறுதி செய்துகொள்ள எளிய வழி உண்டு. கேமராவைச் சில நாள்கள் தொடாமல் வைத்திருந்து, பிறகு 1 வினாடிக்கு வைத்து, கைபேசியில் ஒலியைப் பதிவு செய்தபடி அழுத்துங்கள். அந்த முதல் அழுத்தத்தைத்தான் நம்ப வேண்டும். தொடர்ந்து பல முறை இயக்கும்போது பிசின் சற்று இளகி வேகம் சீராகிவிடுவதால், 'பழகப் பழகச் சரியாகிவிட்டது' என்று பலர் ஏமாந்துபோகிறார்கள். ஆனால் படம் எடுக்கும் நாளில் முதல் படத்தைக் கெடுப்பது அந்தப் பிசினேதான். முதல் அழுத்தம் மிக மந்தமாகவும் பிந்தையவை மேம்பட்டும் இருந்தால், காரணம் உலர்ந்த கிரீஸ் என்று கொள்ளலாம்.

அடுத்து, வேக வளையத்தை 'பி' நிலையில் (விரல் அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்தே இருக்கும் நிலை) வைத்து, பின்கதவைத் திறந்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, அழுத்தி விடுங்கள். பெரும்பாலான ஷட்டர்களில் இந்த நிலையில் தாமதப் பொறி வேலை செய்வதில்லை. விரலை எடுத்ததும் இதழ்கள் சட்டென்று மூடினால் குறை தாமதப் பொறியில் மட்டுமே. அவை தயங்கி மூடினால் இதழ்களிலோ அவற்றைச் சுழற்றும் வளையத்திலோ எண்ணெய் பரவியிருக்கிறது. இதழ்களின் மேல் மினுமினுப்பு தெரிகிறதா என்றும் பாருங்கள்.

உயர் வேகங்கள் சரியாக இருக்கின்றன என்ற உங்கள் முடிவை மட்டும் நான் ஏற்க மாட்டேன். 1/125 வினாடி என்பது 8 மில்லி வினாடி. அது 12 ஆக நீண்டிருந்தாலும் காதுக்குத் தெரியாது. ஒலிப்பதிவு 1/30 வரை ஓரளவு நம்பத்தக்கது, அதற்கு மேல் ஒளி உணரி வைத்து அளப்பதே முறை.

கேள்வி: லென்ஸின் முன்பகுதியைக் கழற்றி உள்ளே கொஞ்சம் எண்ணெய் விட்டால் போதாதா?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். துருவை இளக்கும் தெளிப்பு எண்ணெய்களும் வேண்டாம். இத்தகைய இதழ் ஷட்டரின் (லீஃப் ஷட்டர்) இதழ்கள் முற்றிலும் உலர்ந்தே இயங்க வேண்டியவை. மயிரிழை எண்ணெய் பட்டாலும் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தேவை சுத்தம் செய்வதுதான். முன் லென்ஸ் தொகுதியைக் கழற்றுமுன் அதன் இருப்பிடத்தைக் கீறலாலோ புகைப்படத்தாலோ குறித்துக்கொள்ளுங்கள். தாமதப் பொறி பல ஷட்டர்களில் இரண்டு மூன்று திருகுகளால் பிடிக்கப்பட்ட தனித் தொகுதியாக இருக்கும். அதை அப்படியே வெளியே எடுத்து, லைட்டர் திரவமான நாஃப்தாவில் அலசி, உலரவிடுவதே சிறந்தது. கழற்றாமல் ஷட்டருக்குள் திரவத்தை ஊற்றி அலசினால், கரைந்த கிரீஸ் இதழ்கள்மேல் வழிந்து, திரவம் ஆவியானதும் அங்கேயே படியும். சில நாள் நன்றாக ஓடிவிட்டு மறுபடி நின்றுபோகும். நாஃப்தா எளிதில் தீப்பற்றும் என்பதால் காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்கு எட்டாத தூரத்தில் வேலை செய்யுங்கள்; லென்ஸ் கண்ணாடிகளில் அது படக் கூடாது. எண்ணெய் தேவைப்பட்டால் கடிகார எண்ணெயை ஊசிமுனையில் தொட்டு, சக்கர அச்சுகளின் முனைக்கு மட்டும் வையுங்கள். பற்களுக்கு வேண்டாம்.

கேள்வி: ஷட்டரை ஏற்றிய (ஸ்பிரிங்கை இழுத்துத் தயார்நிலையில் வைத்த) பிறகு 1/500க்குத் திருப்பினால் வளையம் இறுகுகிறது. இதுவும் பிசினா?

பதில்: பழைய காம்பூர்-ராப்பிட் ஷட்டராக இருந்தால் இது பழுதே அல்ல. அதில் 1/500க்கென்று கூடுதல் ஸ்பிரிங் ஒன்று உண்டு. ஆகவே ஏற்றுவதற்கு முன்பே அந்த வேகத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். வலிந்து திருப்பினால் உள்ளே உடையும்.

கேள்வி: மடிப்புக் கேமராவின் ஃபோகஸ் வளையம் இறுகிவிட்டது. ஷட்டரைச் சுத்தம் செய்யவும் அதைக் கழற்றித்தானே ஆக வேண்டும்?

பதில்: ஆம், பொறுமையும் வேண்டும். 1950களின் ஆக்ஃபா ஐசோலெட் வகைக் கேமராக்களில் ஒரு பச்சை நிறக் கிரீஸ் காலப்போக்கில் பசைபோல் இறுகி, முன் கண்ணாடியின் புரியை அடுத்த கண்ணாடியின் புரியோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். திருப்பினால் இரண்டும் ஒன்றாகக் கழன்றுவரும். மிதமான சூடும் புரியில் துளித்துளியாக விட்ட நாஃப்தாவும் அதை இளக்கும். மீண்டும் பூட்டும்போது, ஃபிலிம் படியும் உள் தண்டவாளங்களின்மேல் மங்கல் கண்ணாடி ஒன்றை வைத்து, ஷட்டரை 'பி' நிலையில் திறந்து, தொலைவிலுள்ள பொருள் கூர்மையாகத் தெரியும் இடத்தில் முடிவிலிக் குறியைப் பொருத்துங்கள்.

கேள்வி: எல்லாம் முடிந்தபின் ஃபிலிமில் எப்படிச் சோதிப்பது?

பதில்: 6x6 அளவில் ஒரு 120 ஃபிலிமில் 12 படங்கள் வரும். ஒளி மாறாத ஒரே காட்சியை 1/500 – எஃப் 4, 1/250 – 5.6, 1/125 – 8, 1/60 – 11, 1/30 – 16, 1/15 – 22 என்ற ஆறு இணைகளில் எடுங்கள் (எஃப் எண் லென்ஸ் துளையின் அளவைக் குறிக்கும்). ஆறிலும் ஃபிலிமுக்குக் கிடைக்கும் ஒளி ஏறத்தாழ ஒன்றே. இரண்டு நாள் கழித்து அதே காட்சியை, அதே ஒளியில், அதே வரிசையில் இன்னொரு முறை எடுங்கள். நெகட்டிவில் எந்தப் படம் மற்றவற்றைவிட அடர்ந்திருக்கிறதோ அந்த வேகம் இன்னும் மந்தம். ஒளி ஒரு ஸ்டாப் வரை, அதாவது இரு மடங்கு வரை, கூடியிருந்தால் நெகட்டிவ் ஃபிலிம் தாங்கிக்கொள்ளும். ஸ்லைடு ஃபிலிம் தாங்காது.